நுண்துளைச் சத்திரசிகிச்சைக் கருவிகள்: வடிவமைப்பின் பிரச்சினைகளும் ஒரு துறைமுக மாவட்டத்தின் தேவைகளும்

சத்திரசிகிச்சை ஒன்றிற்கு நோயாளி செலுத்தும் விலை யாது என்ற வினாவுக்குப் பணத்தை மட்டும் கணக்கிட்டு விடையிறுத்தல் பொருந்தாது. அரச வைத்தியசாலையிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுபவரும் காயம் ஆறும்வரை வேலையின்றி இருத்தல் வேண்டும். மாதச் சம்பளம் பெறுவோருக்கு அது விடுமுறை. திருகோணமலைத் துறைமுகத்தில் மூடை சுமப்பவருக்கும், கொட்டியாரக் குடாவின் கரையிற் கரைவலை இழுப்பவருக்கும், தம்பலகாமத்து வயல்களில் நாட்கூலிக்குக் கதிரறுப்பவருக்கும் அது அடுப்பெரியாத நாள். பித்தப்பையை அகற்றுவதற்கு விலாவெலும்பின் கீழ் நீண்ட கீறலிட்டு வயிற்றுத் தசைகளை அறுக்கும் பழைய முறையின் பின்னர், பாரந் தூக்கும் தொழிலாளி மீண்டும் தொழிலுக்குச் செல்ல ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதே பித்தப்பையை அரைச் சதமமீற்றர் முதல் ஒரு சதமமீற்றர் வரையிலான மூன்று நான்கு துளைகளினூடாக அகற்றினால், நோயாளி ஓரிரு நாட்களில் வீடு திரும்புவார். ஓரிரு வாரங்களில் நடமாட்டத்துடன் கூடிய வேலைகளைத் தொடங்கலாம். ஆகவே, காயத்தின் நீளம் மருத்துவத்தின் அக்கறை மட்டுமன்று. அது உழைப்போரின் வாழ்வு சார்ந்த பொருளியற் பிரச்சினையுமாகும்.

வைத்தியசாலைகளில் ‘லப்பரஸ்கோப்பி’ என வழங்கும் இந்நுண்துளைச் சத்திரசிகிச்சைக்குரிய கருவிகள் எவ்வாறு உருவாயின, அவற்றின் வடிவமைப்பில் இன்னும் தீராதிருக்கும் பிரச்சினைகள் எவை, திருகோணமலை போன்றதொரு மாவட்டத்தின் நிலைமைகள் அவ்வடிவமைப்பிடம் எவற்றைக் கோருகின்றன என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையிலிருந்து கருவிக்கு

சுசுருத சங்கிதை மொட்டையான கருவிகளை இயந்திரங்கள் என்றும் கூரியவற்றைச் சத்திரங்கள் என்றும் பகுத்து, முன்னவை 101 எனவும் பின்னவை 20 எனவும் கணக்கிடுகின்றது. அவ்வியந்திரங்களுட் கையே முதன்மையானது என்பது அந்நூலின் கருத்து. ஏனைய கருவிகள் யாவும் கையின்றி இயங்கா என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். உடலின் துவாரங்களினுள் நோக்குவதற்கும் மருந்து செலுத்துவதற்குமான குழாய்வடிவ இயந்திரங்களையும் அந்நூல் தனி வகையாகக் கூறுகின்றது. கையும் குழாயும் ஆகிய இவ்விரண்டின் உறவே இன்றைய நுண்துளைச் சத்திரசிகிச்சையின் மையப் பிரச்சினையாயுள்ளது.

இத்துறையின் நவீன வரலாறு 1901 இல் தொடங்குகின்றது எனலாம். அவ்வாண்டில் ஜெர்மானிய வைத்தியரான கேஒர்க் கெல்லிங் நாயொன்றின் வயிற்றறையைக் காற்றினால் நிரப்பி, சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்குரிய குழாய் ஒன்றை உட்செலுத்தி நோக்கினார். 1910 இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயஸ் மனிதரில் இம்முறையைக் கையாண்டமை பற்றி எழுதினார். 1938 இல் ஹங்கேரிய வைத்தியர் வெரெஸ், காசநோயாளரின் மார்பறைக்குள் காற்றைச் செலுத்துவதற்கென ஓர் ஊசியை அமைத்தார். அதன் கூரிய முனைக்குள் வில்லினால் தாங்கப்பட்ட மொட்டைக் கம்பி ஒன்று உண்டு. தசையின் தடை இருக்கும்வரை கம்பி பின்வாங்கி நிற்கும். தடை நீங்கிய கணமே முன்னே பாய்ந்து, கூர்முனை உள்ளுறுப்புகளைக் குத்தாது காக்கும். மின்சாரமும் அளவைக் கருவியுமின்றி ஒரு சிறு வில் நோயாளியைக் காப்பாற்றுகின்றது. காசநோய்க்கெனப் பிறந்த இவ்வூசியே இன்றும் வயிற்றறைக்குள் வாயுவைச் செலுத்தப் பயன்படுகின்றது.

அடுத்த தடை ஒளியாகும். பழைய நோக்குகுழாய்களிற் சிறிய கண்ணாடி வில்லைகள் நீண்ட காற்றிடைவெளிகளாற் பிரிக்கப்பட்டிருந்தன. படம் மங்கலாகவே தெரிந்தது. பிரித்தானிய இயற்பியலாளரான ஹரல்ட் ஹொப்கின்ஸ் இவ்வமைப்பைத் தலைகீழாக்கினார். குழாய் முழுவதையும் நீண்ட கண்ணாடிக் கோல்களால் நிரப்பி, அவற்றினிடையே சிறிய காற்றிடைவெளிகளை மட்டும் விட்டார். 1959 இல் ஆக்கவுரிமை கோரப்பட்ட இக்கோல்வில்லை முறை, 1960களில் ஜெர்மனியின் கார்ல் ஸ்ரோர்ஸ் நிறுவனத்தின் வழியாகவே கருவியாக உருப்பெற்றது. இதே ஹொப்கின்ஸும் பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் 1954 இல் ஒளியியல் நார்க்கற்றை வழியே படத்தைச் செலுத்தும் ஆய்வை வெளியிட்டிருந்தனர். சூடேறும் மின்குமிழை வயிற்றினுள் வைக்காது, வெளியிலிருந்து குளிர்ந்த ஒளியை உட்செலுத்த நார்க்கற்றை வழிசெய்தது.

ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த கூர்ட் செம் என்பவரை இவ்வரலாற்றில் விசேடமாகக் குறிப்பிடுதல் வேண்டும். மருத்துவம் கற்குமுன் கருவி செய்யும் தொழிலைப் பயின்றவர் அவர். வாயுவின் அமுக்கத்தைத் தானே கட்டுப்படுத்தும் இயந்திரத்தையும், உள்ளே முடிச்சிடும் முறைகளையும், பல இடுக்கிகளையும் அவர் ஆக்கினார். 1980 இல் நுண்துளை வழியாகக் குடல்வாலை அகற்றியபோது அவர் பெற்றது பாராட்டன்று. அவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையே எழுந்தது. 1985 இல் பித்தப்பையை இம்முறையில் அகற்றிய எரிக் மூஹேயும் தம் துறையினரின் நிராகரிப்பைச் சந்தித்தார். 1987 இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே ஒளிப்பதிவுக் கருவியின் துணையுடன் செய்த பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1972 முதல் வயிற்றை நோக்கி நோயறியும் முறையைக் கையாண்டு வந்த தெஹம்தன் உத்வாடியா, 1990 இல் பம்பாய் ஜே. ஜே. வைத்தியசாலையில் முதன்முதலாகப் பித்தப்பையை இவ்வாறு அகற்றினார். வெரெஸ், செம், மூஹே ஆகியோரின் கருவிகள் நோயாளியின் அருகில் நின்றவர்களின் தேவையிலிருந்து பிறந்தவை என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடம்.

தண்டு வலித்தலும் இடுக்கி பிடித்தலும்

கருவியின் இயந்திரவியலை விளங்கிக்கொள்ளத் தோணியில் தண்டு வலிப்பவரை நோக்குதல் போதுமானது. தண்டு தோணியின் விளிம்பிற் கட்டப்பட்டுள்ளது. வலிப்பவரின் கை முன்னோக்கிச் செல்கையில் நீரிலுள்ள அலகு பின்னோக்கிச் செல்லும். கை தாழ அலகு உயரும். தோணியின் விளிம்பு இங்கு நெம்பின் பொறுதியாகும். நுண்துளைச் சத்திரசிகிச்சையில் வயிற்றுச் சுவரே பொறுதி. வைத்தியர் கையை இடப்புறம் அசைத்தால் கருவியின் முனை வலப்புறம் செல்லும். அவர் தம் கையையோ உறுப்பையோ நேரிற் காண்பதுமில்லை. எதிரேயுள்ள திரையின் தட்டையான படத்தையே காண்கிறார்.

தலைகீழாதலோடு அளவும் மாறுகின்றது. 36 சதமமீற்றர் நீளமுள்ள கருவியில் 24 சதமமீற்றர் வெளியிலும் 12 சதமமீற்றர் உள்ளேயும் இருப்பின், கையின் அசைவில் அரைப்பங்கே முனைக்குச் சென்றடையும். அதே கருவி ஆழமாகச் சென்று 24 உள்ளேயும் 12 வெளியேயும் ஆகும்போது முனை இருமடங்கு அசையும். கையின் நடுக்கமும் இருமடங்காகும். ஒரே சிகிச்சையினுள், ஒரே கருவியில், இவ்விகிதம் இடையறாது மாறிக்கொண்டிருக்கும். துளை எங்கு இடப்படுகிறது என்பதும், இரு கருவிகளுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 60 பாகையாக அமைகிறதா என்பதும் வைத்தியரின் திறமையைப் போலவே முக்கியமாவது இதனாலாகும்.

திறந்த முறையில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் யாவும் சேர்ந்து கருவியை எத்திசையிலும் திருப்பும். நுண்துளையில் நேரான கோலுக்கு நான்கு அசைவுகளே எஞ்சுகின்றன: இரு தளங்களிற் சாய்தல், அச்சிற் சுழலுதல், உள்ளும் புறமும் நகருதல். இடுக்கியின் திறந்து மூடல் இதற்கு மேலதிகம். மணிக்கட்டு இழக்கப்பட்டுவிட்டது என இதனைச் சுருங்கக் கூறலாம். பித்தப்பையை அகற்ற இந்நான்கும் போதும். ஆனால் குடலைத் தைப்பது போன்ற பணிகளில் ஊசி எக்கோணத்தில் இறங்கவேண்டுமோ அக்கோணத்திற் கருவி திரும்ப மறுக்கின்றது.

தொடுவுணர்வு மற்றொரு பிரச்சினை. கைப்பிடியில் இடப்படும் விசை நீண்ட கோலினூடாகவும் சிறிய இணைப்புகளினூடாகவும் சென்று இடுக்கியின் வாயை அடையுமுன் உராய்வில் பெரும்பகுதி வீணாகின்றது. வாயு வெளியேறாது தடுக்கும் இறப்பர் அடைப்பும் கோலைப் பற்றி இழுக்கின்றது. பிடி தளர்ந்தால் உறுப்பு நழுவும்; இறுகினால் கிழியும். பித்தப்பை கிழிந்தாற் பித்தநீர் வயிற்றறையிற் சிந்தும். இடுக்கியின் வாய் சிறிதாகுந்தோறும் அதே விசை குறைந்த பரப்பில் தாக்குவதால் அமுக்கம் கூடும். பரப்பு பாதியானால் அமுக்கம் இருமடங்கு. 10 மில்லிமீற்றர்க் கருவியைச் சிறுக்கி 5 மில்லிமீற்றராக்குவது மட்டும் வடிவமைப்பு ஆகாது. பற்களின் விளிம்பை உருட்டுதல், வாயை நீட்டிப் பரப்பைக் கூட்டுதல், இணைப்புகளின் உராய்வைக் குறைத்தல் என்பனவும் உடன் நிகழ வேண்டும்.

கைப்பிடியையும் புறக்கணித்தலாகாது. கத்தரிக்கோல் போன்ற வளையக் கைப்பிடியை மணிக்கணக்கில் அழுத்துவதாற் பெருவிரலின் நரம்பு நசுங்கி விறைப்பு உண்டாவது வைத்தியர்களிடையே நன்கறியப்பட்ட தொல்லை. சிறிய அளவுக் கையுறை அணிவோர்க்கு இக்கருவிகள் மிகுந்த சிரமத்தைக் கொடுக்கின்றன என ஆய்வுகள் காட்டியுள்ளன. சராசரி ஐரோப்பிய ஆணின் கையை அளவாகக் கொண்ட கருவி, இலங்கையின் மருத்துவ பீடங்களிற் பெண்கள் பெருந்தொகையினராகப் பயிலும் இக்காலத்தில், யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி நியாயமானதே.

சுருங்கக் கூறின், நோயாளியின் காயம் சிறுத்தபோது அவ்வருத்தம் மறைந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி வைத்தியரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கண்ணுக்கும் இடம்பெயர்ந்தது. அச்சுமையைக் குறைக்கும் பொறுப்பு வடிவமைப்பாளரைச் சார்ந்தது.

விலையுயர்ந்த விடையும் அதன் தளைகளும்

இழந்த மணிக்கட்டை மீட்டுத்தரும் வழி ஒன்று ஏற்கெனவே உண்டு. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ‘டாவின்சி’ இயந்திரம், கருவியின் முனையிலேயே சிறியதொரு மணிக்கட்டைப் பொருத்தியது. கையின் அசைவைத் தலைகீழாக்காது, நடுக்கத்தை வடிகட்டி, விரும்பிய விகிதத்திற் சுருக்கி முனைக்கு அனுப்பியது. பொறியியல் நோக்கில் இது சிறந்த விடை என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் இடுக்கிகள் குறிக்கப்பட்ட தடவைகள் பயன்படுத்தியதும் இயங்க மறுக்குமாறு எண்ணிக்கை வைத்து அமைக்கப்பட்டவை. கருவியின் ஆயுள் உலோகத்தின் தேய்மானத்தினாலன்றி வணிக ஏற்பாட்டினாலும் தீர்மானிக்கப்படும் நிலை இதுவாகும். எளிய நுண்துளைக் கருவிகளிலும் ஒருமுறை பாவித்து எறியப்படுவன சந்தையில் மிகுந்துள்ளன.

இறக்குமதியில் தங்கிய மருத்துவத்திற்கு நேரக்கூடியது யாது என்பதை இலங்கை 2022 இற் கண்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகளும் உபகரணங்களும் தட்டுப்பாடாகி, அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் பேராதனைப் போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது. நாட்டின் முதன்மையான போதனா வைத்தியசாலைகளுள் ஒன்றின் நிலை அதுவாயின், மாவட்ட வைத்தியசாலைகளின் நிலையை ஊகித்தல் கடினமன்று.

துறைமுக மாவட்டம் முன்வைக்கும் நிபந்தனைகள்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 மக்கள் வாழ்ந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகிய இம்மக்களிற் பெரும்பாலோர் கடலையும் வயலையும் துறைமுகஞ் சார்ந்த கூலி வேலையையும் நம்பியவர்கள். 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் பாதை என வழங்கும் மிதவையிலேறியே நகரை அடைந்தனர். பாலம் வந்து பயணம் எளிதாயினும், தொலைவிலுள்ள பெரிய நகரொன்றிற்குச் சிகிச்சைக்குச் செல்வது நோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் இன்றும் பல நாட்கூலியை விழுங்குவது. சிகிச்சை மாவட்டத்தினுள்ளேயே கிடைக்க வேண்டுமாயின் கருவி இவ்விடத்து நிலைமைகளுக்கு இசைந்ததாதல் வேண்டும்.

முதலாவது நிபந்தனை உப்பு. சத்திரசிகிச்சைக் கருவிகள் துருவேறா உருக்கினாற் செய்யப்படுவன எனினும் குளோரைட்டு அவ்வுருக்கின் பகைவன். குளோரைட்டு மிகுந்த நீரிற் கருவிகளைக் கழுவினால் உருக்கின் பாதுகாப்புப் படலம் புள்ளி புள்ளியாக உடைந்து குழிகள் தோன்றும். கரையோர மணற்பாங்கான இடங்களின் கிணற்று நீர் வரண்ட மாதங்களில் உவர்ப்படைவதுண்டு. கிருமியொழிக்கச் சேர்க்கும் குளோரின் கரைசலும் இதே தீங்கைச் செய்யும். இடுக்கியின் இணைப்பில் தோன்றும் ஒரு குழி, குருதி தங்கும் இடமாகவும் முறிவு தொடங்கும் இடமாகவும் மாறும். இறுதிக் கழுவலுக்கு வடித்த நீர் வேண்டும் என்பது கைந்நூலின் அடிக்குறிப்பாக இருத்தல் போதாது. உப்பைத் தாங்கும் உருக்கும் இடுக்குகளற்ற இணைப்பும் வடிவமைப்பிலேயே இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, கழுவப்படும் தன்மை. நீண்ட ஒடுங்கிய குழாயினுள் உறைந்த குருதியை எந்தத் தூரிகையும் முழுமையாக அகற்றாது. அழுக்கு எஞ்சியிருப்பின் 121 பாகை செல்சியசில் நீராவியில் வைத்தாலும் அக்கருவியை நம்புதல் இயலாது. கைப்பிடி, கோல், வாய் என மூன்றாகப் பிரித்துக் கழுவி மீண்டும் பொருத்தத்தக்க கருவியே மறுபாவனைக்கு ஏற்றது. பொருத்துகையிற் பிழை நேராதவாறு ஒரு வழியில் மட்டுமே பொருந்தும் அமைப்பும் அதற்கு வேண்டும்.

மூன்றாவது, மின்காவல். கொழுக்கி வடிவ முனையில் மின்னைச் செலுத்தி இழையத்தை அறுத்துக் குருதியை நிறுத்துவது வழக்கம். கோலின் மேலுள்ள காவலிப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று இருப்பினும், திரையிற் காணப்படாத இடத்தில் மின் பாய்ந்து குடலைச் சுட்டுவிடும். அக்காயம் சில நாட்களின் பின்னரே வெளிப்படும், உயிரையும் பறிக்கலாம். பலமுறை கழுவி அவிக்கப்படும் கருவிகளில் இவ்வபாயம் அதிகம். காவலை இரு நிறப் படலங்களாக அமைத்து, மேற்படலம் தேய்ந்ததும் உள்நிறம் தெரியுமாறு செய்தல் செலவு குறைந்த எச்சரிக்கையாகும். முறையான மின்சோதனையும் உடன் தேவை.

நான்காவது, வாயுவும் மயக்கமும். வயிற்றறையை விரிக்கக் காபனீரொட்சைட்டு வாயு 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அமுக்கத்திற் செலுத்தப்படுகின்றது. அதற்கு வாயுக் கலன், அமுக்கத்தை ஆளும் இயந்திரம், பெரும்பாலும் முழு மயக்கம், அதற்குரிய நிபுணர் என்பன வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சிகிச்சை நின்றுவிடும்.

இந்நான்காவது பிரச்சினைக்கு வடகிழக்கிந்தியாவின் கிராமப்புறங்களிற் பணியாற்றிய ஜே. ஞானராஜ் போன்ற சத்திரவைத்தியர்கள் வேறொரு விடையைக் கையாண்டனர். வாயுவைக் கைவிட்டு, வயிற்றுச் சுவரை இயந்திர முறையில் மேலே தூக்குவதே அது. முள்ளந்தண்டில் ஏற்றும் விறைப்பூசியே பல வேளைகளில் இதற்குப் போதுமானது. இவ்வனுபவத்தின் அடியாக இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளரும் இந்தியச் சத்திரவைத்தியர்களும் இணைந்து ‘ரெய்ஸ்’ எனும் தூக்கியை உருவாக்கினர். தொப்புளருகே உட்செலுத்தப்படும் உலோக வளையத்தை, மேசையிற் பொருத்திய தாங்கி மேலே இழுத்துப் பிடிக்கும். வாயு கசியும் என்ற கவலை இல்லாததால் விலையுயர்ந்த அடைப்புகளும் வேண்டியதில்லை.

இம்முறையின் குறைகளையும் கூறுதல் ஆய்வுநேர்மையாகும். வாயு வயிற்றறையைக் குவிமாடம்போல் எல்லாப் பக்கமும் விரிக்கும். தூக்கியோ கூடாரம்போல் நடுவில் உயர்த்திப் பக்கங்களை ஒடுங்கவிடும். பருத்த உடலினரிற் பார்வைவெளி குறையும். சிகிச்சை நேரமும் கூடலாம். எனவே இதனை எல்லோர்க்கும் ஏற்ற மாற்றாகக் கொள்ளலாகாது. கலன் வராத கிழமையிலும் தகுந்த நோயாளிக்குச் சிகிச்சை நிகழ இடமளிக்கும் கூடுதல் வழி என்பதே அதன் சரியான மதிப்பீடாகும்.

ஒளிப்பதிவிலும் இத்தகைய முயற்சி உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தினருடன் இணைந்து, கோல்வில்லைகளையும் ஒளிநார்க்கற்றையையும் தவிர்த்து, முனையிலேயே சிறு ஒளிப்பதிவியைப் பொருத்தி மடிக்கணினியில் இணைக்கும் நோக்கியை ஆக்கியுள்ளனர். கைபேசிகளுக்கென மலிவாகிவிட்ட நுட்பம் இங்கு வயிற்றினுள் நோக்க உதவுகின்றது. குறைந்த விலைக்கருவி என்பது தரங்குறைந்த கருவி எனப் பொருள்படாது. எதை விட்டுவிடலாம், எதை விட்டுவிடலாகாது என்பதைத் தெளிவாகத் தீர்மானித்த கருவி என்பதே அதன் பொருள்.

யார் வடிவமைப்பது?

படகு இயந்திரங்களையும் துறைமுக உபகரணங்களையும் பழுதுபார்க்கும் கைகள் இம்மாவட்டத்தில் உண்டு. ஆயினும் நல்ல பட்டறையொன்றிற் செய்யப்பட்ட இடுக்கியை உடனே நோயாளியின் வயிற்றினுட் செலுத்தலாம் எனக் கருதுவது பெரும் அபாயம். உலோகத்தின் தரம், அவித்தலைத் தாங்கும் ஆற்றல், மின்காவல், முறிவுச் சோதனை, நெறிமுறைக் குழுவின் அனுமதி என்பன தவிர்க்க முடியாதன. பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையினரும், மாவட்ட வைத்தியசாலைகளின் சத்திரவைத்தியரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. முதற்படியாகப் புதுக்கருவி ஆக்குதல்கூட வேண்டியதில்லை. எந்த இடுக்கி எத்தனை தடவையின் பின், எவ்விடத்தில், எக்காரணத்தாற் பழுதடைந்தது என்ற பதிவேடு ஒன்றை வைத்தியசாலைகள் பேணினாலே, அது வடிவமைப்பாளனுக்கு விலைமதிப்பற்ற ஆய்வுப்பொருளாகும்.

மொழியும் இங்கு இடம்பெறுகின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 1867 இல் ‘இரணவைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும், கருவியைக் கழுவி, அவித்து, பொருத்தி, மேசையில் வைக்கும் சிற்றூழியருக்கும் தாதியருக்கும் அதன் கைந்நூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்துசேர்கின்றது. காவலிப் படலத்தின் வெடிப்பை முதலிற் காணக்கூடியவர் சத்திரவைத்தியரல்லர், அதைக் கழுவுபவரே. எதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று அவர் தம் மொழியில் அறிந்திராவிடின் இரு நிறப் படலமும் பயனற்றுப்போகும். தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான விளக்கமும் படமும் கொண்ட கைந்நூல் கருவியின் ஓர் உறுப்பாகவே கருதப்படல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் பொறியியல் மாணவருடன் சேர்ந்து இன்றே தொடங்கக்கூடிய பணியும் இதுவே.

கருவி ஒன்றின் தரத்தை அதன் நுட்பத்தின் உயர்வால் மட்டும் அளத்தல் போதாது. வாயுக்கலன் வராத கிழமையிலும், கிணற்று நீர் உவர்த்த மாதத்திலும், சிறிய கையுடைய வைத்தியரின் பிடியிலும் அது ஒழுங்காக இயங்குகிறதா, அதன் பயனாக வலை இழுப்பவர் எத்தனை நாட்கள் முந்தித் தொழிலுக்குத் திரும்புகிறார் என்பனவே மாவட்ட மக்களின் அளவுகோல்கள். வடிவமைப்பு மேசையில் இவ்வளவுகோல்களும் இடம்பெறும்போதுதான் நுண்துளைச் சத்திரசிகிச்சையின் பயன் நகரத்துத் தனியார் வைத்தியசாலைகளின் எல்லையைக் கடந்து உழைக்கும் மக்களைச் சென்றடையும்.